மூத்தாருக்கு ஓர் உத்தரவு

தெரெக்சாய்
17 பிப்ரவரி 1999

மரியாதைக்குரிய மிர்சா அகாவுக்கு, உங்கள் தம்பி மனைவி ராய்ஹான் எழுதுவது.

சபிட்டின் லாரி மாவு மூட்டைகளோடு உங்கள் பக்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு அவசர அவசரமாக எழுதுகிறேன். லாரி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. இந்தக் குளிரில் எஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளம்பாதாம். "சீக்கிரம் எழுதும்மா, டீசல் எரியுது" என்று கத்துகிறான். அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வருகிறது. நீங்கள் வந்தாக வேண்டும். வராவிட்டால் விமானங்களை வழிநடத்தும் என் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அப்புறம் நான் டவர் படி ஏறவே முடியாது.

உங்களுக்கு என் மேல் கோபம். கோபப்படாமல் என்ன செய்வீர்கள்? இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றே சொன்னார்கள், புருஷனுடைய அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, நீயாக ஒரு பெயர் வைத்துக்கொள் என்று. உங்கள் மீசையையும் நடையையும் பார்த்துவிட்டு 'மிர்சா அகா' என்று வைத்தேன். ஜமீன்தார் அண்ணன் என்று அர்த்தம் வருகிற மாதிரி. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், உங்களுக்குப் பிடித்திருந்தது. விமான நிலையத்தில் உங்கள் பனி தள்ளும் வண்டியை எல்லாரும் 'இரண்டாம் நம்பர்' என்று கூப்பிட, நான் மட்டும் ரேடியோவிலும் மிர்சா அகா என்றுதான் கூப்பிட்டேன். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஊர் உலகமெல்லாம் கேட்க உங்கள் பெயரைச் சொல்லி, "வெளிய போடா" என்று கத்திவிட்டேன். மறுநாள் காலையில் நீங்கள் வண்டிச் சாவியைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் சித்தப்பா மகனின் ஆட்டுப் பட்டிக்குக் கிளம்பிவிட்டீர்கள். புருஷன் போன கோபத்தில் பெரியக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பேசினாலும் பாத்திரங்களைப் பார்த்துப் பேசுகிறாள்.

டவருக்குள் என்ன நடந்தது என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். முதலில் அந்தப் பயணிகள் விமானம். உள்ளே மாவட்ட அதிகாரிகள். நம் நிலையத் தலைவர் மௌலென் போன் மேல் போன். "பெரிய மனுஷங்க உள்ள உக்காந்து நடுங்குறாங்க, நீ என்ன மேல டீ குடிக்கிறியா?" உங்களை ஓரமாக வரச் சொன்னேன், உடனே வந்தீர்கள். விமானம் வடக்கே பார்த்துக் கிளம்பிப் போனது. மறுபடி உள்ளே போகட்டுமா என்று கேட்டீர்கள், சரி என்றேன். உங்கள் குரல் அடங்குவதற்குள் ஆம்புலன்ஸ் விமானம் கூப்பிட்டது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண், ரத்தம் நிற்கவில்லை, எரிபொருளும் அதிகம் இல்லை. காற்று அடங்கியிருந்தது. சுற்றிக்கொண்டு தெற்கே வந்து இறங்கினால் நேரம் போகும் என்று, வடக்கிலிருந்து நேராக இறங்கச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து, கிளம்பிப் போன விமானம் கூப்பிடுகிறது. இறக்கையில் பனி உறைகிறதாம், கீழே வர வேண்டுமாம். அவர்கள் போவது வடக்கே, ஆம்புலன்ஸ் வருவது வடக்கிலிருந்து. ஆஸ்பத்திரிக்காரர்கள் எந்த வாசலுக்கு வண்டி அனுப்புவது என்று கேட்கிறார்கள். மௌலென் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. என் முன்னால் பலகையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை, உங்களுக்குச் சிவப்புப் பட்டை. யார் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று பார்க்காதே, யாரால் காத்திருக்க முடியாது என்று பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் பயணிகள் விமானத்தைக் கிழக்கே திருப்பித் தாழ இறக்கி, இரண்டையும் பிரித்தேன். அடுத்து உங்களைக் கூப்பிட்டேன். மூன்றாவது ஆஸ்பத்திரி. மௌலென் போனை அடிக்க விட்டுவிட்டேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் இதே வரிசைதான் போடுவேன்.

ஆம்புலன்ஸுக்காக உங்களிடம் முதல் தடவை, "மிர்சா அகா, வேலை முடிஞ்சா ஓரமா வந்துடுறீங்களா" என்றேன். இரண்டாவது தடவை, "அகா, விருந்தாளி வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. மூன்றாவது தடவை பார்க்கிறேன், பனித் திரையைக் கிழித்துக்கொண்டு விமானத்தின் விளக்கு தெரிகிறது, நீங்கள் அதற்கு நேர் கீழே ஓடுபாதையின் வடக்கு முனையில் நிற்கிறீர்கள். அப்போதுதான் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. விமானத்தை மேலே ஏறச் சொன்னேன். அது ஒரு சுற்றுச் சுற்றி, கடைசி எரிபொருளில் இறங்கியது. அந்தப் பெண் இன்னும் கண் விழிக்கவில்லை. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய், உள்ளே போகப் பயந்து திரும்பி வருகிறேன்.

நான் குழைந்து கூப்பிட்டதால்தான் உத்தரவு உங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். குழுவுக்கு முன்னால் நீங்கள் ஒன்று சொன்னால் போதும். அவள் சொன்னது முதல் தடவையே காதில் விழுந்தது என்று. ஆனால் அகா, காதில் விழுந்திருந்தால் ஏன் வெளியே வரவில்லை?

சபிட் ஹாரன் அடிக்கிறான்.

ராய்ஹான்


சாருசென் பட்டி
24 பிப்ரவரி

அம்மா ராய்ஹானுக்கு,

நலம். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. இங்கே எல்லாரும் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருக்கிறோம், நான் உட்பட. சித்தப்பா மகனுக்கு என்னை விட்டால் ஆளில்லை. அதனால் மார்ச் பன்னிரண்டு முடியாது.

பெயர் சொன்னதற்கு எனக்குக் கோபம் என்று யார் சொன்னது? உன் ஓரகத்தி சொல்லியிருப்பாள். அவளுக்குக் கோபம் என்றால் ஊருக்கே கோபம் என்று சொல்லுவாள். என் பெயரை என் அம்மா வைத்தாள், சொல்வதற்காகத்தான் வைத்தாள். "போடா" கொஞ்சம் உறைத்தது, ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கழுதை வயதில் யாராவது அப்படித் திட்டினால் இளமை திரும்பிய மாதிரியும் இருக்கிறது.

விசாரணைக்காரர்கள் கேட்டால் எனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிடு. ரேடியோ கெட்டுப்போயிருந்தது என்று சொல்லு. கிழவன் தூங்கிவிட்டான் என்று சொன்னாலும் சரி. உனக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லி விஷயத்தை முடி. நான் வந்து நின்றால் அவர்கள் ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, வீண் வம்பு.

ஒரே ஒரு சந்தேகம். அன்றைக்கு ஆம்புலன்ஸ் விமானம் இறங்கின பிறகு, ஓடுபாதையின் வடக்கு முனையில் யாராவது போய் நடந்து பார்த்தார்களா? சும்மா கேட்கிறேன். பதில் எழுத வேண்டியதில்லை.

சபிட்டிடம் ஒரு மூட்டை உலர்ந்த தயிர்க்கட்டி கொடுத்திருக்கிறேன். பாதி அவன் வாய்க்குள் போய்விடும், மீதி உனக்கு. அந்தப் பெண் கண் விழித்தாளா என்று மட்டும் எழுது.

ஒராஸ்பெக்


தெரெக்சாய்
2 மார்ச்

மரியாதைக்குரிய மிர்சா அகாவுக்கு,

அந்தப் பெண் கண் விழித்துவிட்டாள். இதையும் முதலில் எழுதிவிட்டேன், இனி சண்டைக்கு வருகிறேன்.

காது மந்தம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பக்கத்து அறையில் பெரியக்கா உங்களைத் திட்டி முணுமுணுத்தால் இங்கிருந்து பதில் கொடுக்கிற ஆள் நீங்கள். ரேடியோவைச் சோதித்துவிட்டார்கள், நன்றாக வேலை செய்கிறது. ரேடியோ பேச்சைப் பதிவு செய்த நாடாவைப் போட்டுக் கேட்டார்கள். என் குரல் உங்கள் வண்டிக்குள் தெளிவாக விழுந்திருக்கிறது. உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று வந்தால், பதில் வராதபோதே ஏன் விமானத்தை மேலே அனுப்பவில்லை என்று என்னைத்தான் பிடிப்பார்கள். தூங்கிவிட்டார் என்று சொன்னால் உங்கள் வேலை போகும். இரண்டையும் யோசித்து யோசித்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் தம்பி, "எதையாவது தின்னுடி, குச்சி மாதிரி ஆயிட்ட" என்கிறார். அவருக்கு இரண்டு பக்கமும் பேச முடியாத நிலைமை. அண்ணனா பெண்டாட்டியா என்று மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நேற்று மௌலென் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காகிதம், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. பனி வண்டி ஓட்டுநர் டவரின் உத்தரவை மூன்று முறை மீறினார் என்று. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். "போடு," என்றார். "அவரு எப்படியும் வீட்டுக்குப் போற வயசு. நீ சின்னவ. உன் லைசென்ஸ் போனா இந்த ஊர்ல வேற யார் இருக்கா?" அவருக்கு அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அதிகாரிகளுக்காக அன்று என்னை நெருக்கியது வெளியே வரக்கூடாது, அவ்வளவுதான். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். காகிதம் என் கைப்பையில் இருக்கிறது.

டவரில் இப்போதும் வேலை செய்கிறேன், ஆனால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கண்காணிக்கிறார். முன்பெல்லாம் நாலு விமானம் சேர்ந்து வந்தால் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வரும், கை தானாகப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். இப்போது ஒரே ஒரு விமானம் வந்தால்கூட, சொன்னேனா, சொல்லவில்லையா, எதையோ விட்டுவிட்டேனா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். பால் பொங்குகிறது, குழந்தை அழுகிறாள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள், நான் நடுவில் நிற்கிறேன். எது முதலில் என்று தெரியாமல் நிற்கிறேன். அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை, அதுவும் கையை விட்டுப் போய்விட்டது போல இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் சும்மா கேட்டேன் என்று எழுதிய சந்தேகம் எனக்குச் சும்மாவாகத் தெரியவில்லை. யாரும் வடக்கு முனையில் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் நான் பட்டறைக்குப் போய் உங்கள் மெக்கானிக்கைக் கேட்டேன். "ஒராஸ்பெக் அண்ணன் வெளிய வந்தப்ப பனி தள்ற முன்தகடு தரையோட இறங்கியே இருந்துச்சு, பனி வழிய வழிய, ஓரத்து விளக்கு ஒண்ணையும் சேத்துத் தள்ளிட்டு வந்தாரு" என்றான். அகா, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் தலைக்கு மேலே விமானம் வரும்போது தப்பித்து ஓடுகிற எவனும் தகட்டைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவான் என்று தெரியும். தகடு கீழே இருந்தால் வண்டி ஆமை மாதிரி நகரும். நீங்கள் தகட்டைத் தூக்கவில்லை. ஏன்?

நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? எனக்குத் தெரியாமல் என்னவோ இருக்கிறது. தயிர்க்கட்டி அனுப்பி என் வாயை அடைக்காதீர்கள்.

ராய்ஹான்


சாருசென் பட்டி
7 மார்ச்

ராய்ஹானுக்கு,

உன்னை இந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதே உன் மாமியார் சொன்னாள், இவள் கண் ரொம்ப வெளிச்சம், எதையும் விடமாட்டாள் என்று. அவள் வாய் முகூர்த்தம். சரி, கேள். இதைப் படித்துவிட்டு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அந்த நிபந்தனையோடுதான் எழுதுகிறேன்.

அதிகாரிகளின் விமானம் கிளம்ப வேண்டும், ஓரமாக வாருங்கள் என்று முதலில் கூப்பிட்டாயே, அப்போது நான் வடக்கு முனையில் பாதி தள்ளிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டதும் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தகட்டைத் தூக்கினால் அதுவரைக்கும் தள்ளிய பனி அங்கேயே நிற்குமல்லவா? இடுப்பு உயரத்துக்கு ஒரு குவியல். ஓடுபாதைக்கு நடுவில். மேலே புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது, டவரிலிருந்து பார்த்தால் வெள்ளையோடு வெள்ளையாகத் தெரியாது. அந்த விமானம் தெற்கிலிருந்து கிளம்பி, அங்கே வருமுன்பே தூக்கிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் போய் அதைத் தள்ளத்தான் உன்னிடம் கேட்டேன். அதற்குள் ஆம்புலன்ஸை வடக்கிலிருந்து இறக்குகிறாய். சக்கரம் தரையில் படுகிற இடத்தில் சரியாக அந்தக் குவியல்.

நீ கூப்பிட்டது மூன்று தடவையும் கேட்டது. நான் வெளியே வந்திருந்தால் நீ இறக்கியிருப்பாய். இறக்கியிருந்தால் அந்தப் பெண்ணும் குழந்தையும் டாக்டரும் விமானியும் என்ன ஆகியிருப்பார்கள் என்று நான் எழுத மாட்டேன், உனக்கே தெரியும். அதனால் தள்ளிக்கொண்டே இருந்தேன். தள்ளிக்கொண்டே வெளியே வந்தேன்.

"அடப்பாவி, இதை ரேடியோல சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று இங்கே என் சித்தப்பா மகன் கேட்டான். நியாயமான கேள்வி. மைக் கையில்தான் இருந்தது. ஆனால் ராய்ஹான், தம்பி பெண்டாட்டியிடம், குவியலை விட்டுவிட்டு வந்தேன், தப்பு, பொறு என்று காரணம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதோ தள்ளிவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். தலைக்கு மேலே விமானம், எனக்கு என் கௌரவம். அந்த இரைச்சல் கேட்டும் தகட்டைத் தூக்கவில்லை. இப்போதும் ஆட்டுக் குட்டிகள் கத்தினால் திடுக்கென்று விழித்துக்கொள்கிறேன்.

இனி நான் ஏன் ஓடிவந்தேன் என்று கேள். வண்டி ஓரமாக வரும்போதெல்லாம் டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "வேலை முடிஞ்சுதா, பாதை சுத்தமா?" உனக்கு முன்னால் மேலே இருந்தவர்களெல்லாம் என்னைக் கேட்டார்கள். நீ மட்டும் கேட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. மூத்தாரிடம் வேலையை ஒழுங்காக முடித்தீர்களா என்று கேட்பதா என்று நீ மரியாதைக்கு விட்டுவிட்டாய். எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது. பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன், டவர் என்னை மட்டும் கேள்வி கேட்காது என்று. அன்றைக்கும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குழு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டவர் கேட்டதா என்று. எனக்குப் பொய் சொல்ல வராது, நாலு பேர் முன்னால் காது சிவந்துவிடும். உண்மையைச் சொன்னால் உன் உரிமம் போகும். அதனால் நான் அங்கே இல்லாமல் இருப்பதுதான் நல்லது என்று கிளம்பிவிட்டேன். பெயர் சொன்னதால் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் பேசட்டும், நல்லதாகப் போயிற்று.

கையெழுத்துப் போடு. என்னை வீட்டுக்கு அனுப்பினால் நான் ஆடு மேய்ப்பேன், எனக்கு ஒன்றும் குறையாது. நீ மேலே இல்லாவிட்டால் யார் இருப்பார்கள்? எது முதலில் என்று பார்க்கிற வேலை உன்னுடையது. நானும் என் பங்குக்குப் பார்த்துவிட்டேன். முதலில் நீ.

ஒராஸ்பெக்


தெரெக்சாய்
14 மார்ச்

மரியாதைக்குரிய மிர்சா அகாவுக்கு,

இன்றைக்குக் கோரிசு. சின்னவர்களெல்லாம் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு கையும் கொடுத்து, ஒரு வயது கூடிற்று, பழசையெல்லாம் மறப்போம் என்று சொல்லிவிட்டு வருகிற நாள். நம் வீட்டிலேயே உங்கள் அறைக்கும் போனேன். பெரியக்கா தேநீர் ஊற்றினாள், என் முகத்தைப் பார்த்தே ஊற்றினாள். உங்கள் இடத்தில் தலையணை மட்டும் இருந்தது.

முதலில் முடிவைச் சொல்கிறேன். என் உரிமத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். இந்த வாரம் அல்மாட்டிக்குப் போக வேண்டும். ஆறு மாதம் மறுபயிற்சி, செப்டம்பரில் பரீட்சை. தேறினால் டவர், தேறாவிட்டால் இல்லை. உங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். வேலை இருக்கிறது. வந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் திட்டுவீர்கள் என்று தெரியும். உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பேனாவைக்கூட எடுத்தேன். நீங்களே போடச் சொல்கிறீர்கள், எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது, இந்த வேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குவியல் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் கையெழுத்துப் போட்டால் அது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அடுத்த பனியில் இன்னொருத்தி இன்னொரு மூத்தாரைக் கேட்காமல் விடுவாள்.

குழுவில் மூன்று பேர். தலைவி கிளாரா பெத்ரோவ்னா, நரைத்த முடி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு பார்க்கிறவள். மௌலென் காகிதத்தைக் கேட்டுக் கையை நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் நீங்கள் பட்டியிலிருந்து நடந்தே வந்திருப்பீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குவியல், வடக்கு முனை, நான் கேட்காதது, அதிகாரிகளுக்காக வந்த போன்.

"வண்டி வெளிய வந்தப்ப பாதை சுத்தமான்னு ஏன் கேக்கலை? மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் கிளாரா பெத்ரோவ்னா.

"மறக்கலை. அவரைக் கேக்கறதில்லை."

"ஏன்?"

"அவர் எங்க வீட்டுக்காரரோட அண்ணன்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். மூன்றாவது ஆள், செமெய் பக்கத்துக்காரர், வயதானவர், அவர் சிரிக்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் மருமகள்கள் இருப்பார்கள்.

"ஓடுபாதையில யாருக்கு யாரும்மா அண்ணன்?" என்றாள் கிளாரா பெத்ரோவ்னா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, மௌலென் முன்னாலேயே அழுதேன். அவ்வளவு நாளும் நான் வரிசையைச் சரியாகப் போட்டேன், சரியாகப் போட்டேன் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன் அகா. பட்டைகளின் வரிசை சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நான் இன்னொன்றை வைத்திருந்தேன், உங்கள் மனம் கோணக்கூடாது என்பதை. அது பலகையில் இல்லாததால் எனக்கே தெரியவில்லை.

உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஓடிப் போனீர்கள். ஒரு மாதம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்து அழுதது ஒரு பக்கம், என்ன விட்டுப்போயிற்று என்று தெரியாமல் தேடியது ஒரு பக்கம். அன்றே வந்து, குவியல் இருந்தது ராய்ஹான் என்று சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தண்டனையை வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பேன். அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. இனியாவது சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம், யார் மேலே இருக்கிறார்களோ அவர்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டேன். குழந்தை தாயிடம் வந்துவிட்டது, மிகச் சிறியது, முகம் சுளித்துக்கொண்டே தூங்குகிறது. நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

பயமாக இருக்கிறது அகா. செப்டம்பருக்குள் கை பழையபடி நகருமா என்று தெரியவில்லை.

ராய்ஹான்


தெரெக்சாய்
11 ஏப்ரல்

அல்மாட்டி, பயிற்சி விடுதி, ராய்ஹானுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பைத்தியக்காரப் பெண்ணே என்று ஆடுகளிடம் மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன். நான் என்ன கணக்குப் போட்டேன், நீ என்ன செய்து வைத்தாய்! பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உன் ஓரகத்தி வாசலில் நின்று, "என்ன, பட்டியில உங்களையும் வித்துட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றாள். அவள் அப்படித்தான் வரவேற்பாள். உன் மகள் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறாள், ஏங்கவில்லை, கவலைப்படாதே. உன் புருஷன் சமைக்கிறான். அதுதான் இந்த வீட்டில் இப்போது பெரிய ஆபத்து.

ஏப்ரலாகியும் நேற்றுப் பனி கொட்டியது. உன் இடத்தில் கரகண்டாவிலிருந்து மாற்றலாகி வித்தாலி என்று ஒருவன் வந்திருக்கிறான். சிடுமூஞ்சி. வணக்கம் கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. "ரெண்டாம் நம்பர், வெளிய வா." அவ்வளவுதான் அவன் பேச்சு. நேற்று மத்தியானம் இரண்டு விமானம் சேர்ந்து வந்துவிட்டது, மௌலென் வேறு போனில் அவனைக் குடைந்துகொண்டிருந்தார் போல. அவசரமாகக் கூப்பிட்டான். நான் பாதியில் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாக வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் ஒரு குவியல் கிடக்கிறது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மறந்துவிட்டான், அவனுக்கும் கை நிறைய வேலை.

மைக்கை எடுத்தேன். ராய்ஹான், பொய் சொல்லவில்லை, ஒரு தடவை திரும்ப வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற அலைவரிசை. பட்டறைப் பையன்கள் கேட்கிறார்கள், விமானிகள் கேட்கிறார்கள். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. "பாதை நடுவுல குவியல் கிடக்கு. நான்தான் விட்டுட்டு வந்தேன். இறக்காத" என்றேன்.

பிறகு வித்தாலி, "தள்ள எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"அஞ்சு நிமிஷம்."

"சரி, தள்ளு. அவங்க சுத்தட்டும்."

அவ்வளவுதான்! திட்டவில்லை, சிரிக்கவில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு விமானமும் மேலே சுற்றின, நான் தள்ளினேன், பிறகு இறங்கின. ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு உன்னிடம் இந்த நாலு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நீ இன்று விடுதியில் பள்ளிப் பிள்ளை மாதிரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க மாட்டாய். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடி முழுக்கப் பனி, அதனால் யாரும் பார்க்கவில்லை.

கை பழையபடி நகருமா என்று பயப்படுகிறாய். நகரும். பயந்துகொண்டே நகரும், அது போதும். எனக்கும் அப்படித்தான் நகர்ந்தது.

செப்டம்பரில் தேறிவிட்டு நீ திரும்பி வருவாய். வந்து டவரில் ஏறுகிற முதல் நாள் நான் வண்டியை ஓரமாகக் கொண்டு வந்ததும் என்னைக் கேட்க வேண்டும்: வேலை முடிஞ்சுதா, பாதை சுத்தமா என்று. குழையாமல் கேட்க வேண்டும், பட்டறை முழுக்கக் கேட்க வேண்டும். மிர்சா அகா என்றே கூப்பிடு, அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும், அதை யாருக்காகவும் மாற்ற வேண்டாம். ஆனால் கேள். நீ கேட்காத வரைக்கும் நான் எஞ்சினை அணைக்கவும் மாட்டேன், வண்டியை விட்டு இறங்கவும் மாட்டேன்.

ஒராஸ்பெக்